சீருடையும் முக்காடும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

(பாடாலூர் பள்ளிவாசல் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

எல்லாப் புகழும் இறைவனுக்கே. வரவு செலவுக் கணக்கும் மதரஸா அறிக்கையும் வாசிக்கப்பட்டு முடிந்தன. கப்ருஸ்தான் சுற்றுச்சுவர் பற்றி அரை மணி நேரத்திற்கும் மேலாக விவாதித்தோம். அது தேவையான விவாதந்தான். மண்ணறையில் உறங்குவோருக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியையேனும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் பள்ளிப்படிப்பிற்கு ஒதுக்க வேண்டுமென்று நிர்வாகக் குழு கருதியது. ஆகவே இவ்வுரை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் இஷாத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, நம் மகல்லாவைச் சேர்ந்த ஒரு தகப்பனார் ஹவுளின் ஓரத்தில் நமக்காகக் காத்திருந்தார். எட்டாம் வகுப்பு முடித்த தம் மகளை ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்திருந்தார். பணம் கட்டி, புத்தகம் வாங்கி, சீருடையும் தைத்தாகிவிட்டது. முதல் நாளே வாசலில் நிறுத்தி, தலையில் துணியுடன் வகுப்பில் உட்கார முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். மகளை அழைத்துக்கொண்டு வீடு திரும்பிவிட்டார். இனி என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி.

அன்றிரவே நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். பள்ளிக்கூடமே வேண்டாம், பெண்கள் மதரஸாவில் சேர்த்துவிடுங்கள் என்றார்கள் ஒரு சாரார். வாசலில் கழற்றிப் பைக்குள் வைத்தால் போயிற்று, இதற்கா இவ்வளவு என்றார்கள் மற்றொரு சாரார். அந்தப் பேச்சு மூன்று வாரம் நீடித்தது. இரு தரப்பிலும் மார்க்கப்பற்றுடையோர் இருந்தார்கள், பிள்ளையின் மீது அக்கறையுடையோரும் இருந்தார்கள். ஆனால் அந்த மூன்று வாரமும் அப்பிள்ளையிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அவளுடைய தாயார் கேட்டபோது அவள் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "அம்மா, இந்நேரம் கணக்கில் எத்தனை பாடம் நடத்தியிருப்பார்கள்?"

நிர்வாகிகளாகிய நாங்கள் பள்ளிக்கூடத்திற்குச் சென்று பேசினோம். அவர்கள் இறங்கி வரவில்லை. பிறகு அரசுப் பள்ளியில் இடம் கேட்டோம். தலைமையாசிரியை ஒரே வார்த்தையில் சேர்த்துக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ், அப்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பும் முடித்துவிட்டாள். ஆயினும் அந்த மூன்று வாரம் நம் மனத்தை விட்டு அகலவில்லை. பள்ளிக்கூடம் அவளை ஒருநாள் நிறுத்தியது. மீதி நாள்கள் அவளை நிறுத்தி வைத்தது நம்முடைய வாக்குவாதம்.

சீருடை என்பது எதற்காக வந்தது என்பதை முதலில் நினைவுகூர்வோம். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவற்றை முன்னின்று நடத்தினார். ஊர்மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்ததோடு, பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியும் கொடுத்தார்கள். கிழிந்த சட்டையுடன் வரக் கூச்சப்பட்டு வீட்டிலேயே நின்றுவிடும் ஏழைப் பிள்ளையை உள்ளே அழைத்து வருவதே அதன் நோக்கம். 1985இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசே விலையின்றிச் சீருடை வழங்கத் தொடங்கியது. 2012-2013 கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு நான்கு இணை தரப்படலாயிற்று. அத்துணியைத் தைத்துத் தருவோர் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள். அந்த வருமானத்தில் அடுப்பெரிந்த குடும்பங்கள் நம் மாவட்டத்திலும் உண்டு.

ஆகவே, சீருடையை எதிர்த்து நாம் ஒரு சொல்லும் சொல்லப் போவதில்லை. வெங்காயக் காட்டில் கூலிவேலை செய்பவர் மகளும், மளிகைக்கடை முதலாளி மகளும், சவூதியிலிருந்து பணம் வரும் வீட்டு மகளும் ஒரே நிறத் துணியில் ஒரே பெஞ்சில் உட்காருவது, நாம் தொழுகையில் தோளோடு தோள் நிற்பதற்கு எவ்வகையிலும் முரணானதன்று. பிள்ளைகளை உள்ளே அழைப்பதற்காக வந்த துணி ஒரு பிள்ளையை வெளியே அனுப்பும் காரணமாகலாமா என்பதே நம் கேள்வி.

சீருடை மாறாத ஒன்றும் அன்று. நம்முள் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு நீலப் பாவாடையும் வெள்ளைத் தாவணியும் நினைவிருக்கும். பின்னர்ப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாவணி போய்ச் சுடிதாரும் துப்பட்டாவும் வந்தன. மிதிவண்டி ஓட்டவும் பேருந்தில் ஏறவும் அதுவே வசதி, உடலையும் ஒழுங்காக மறைக்கிறது என்று எல்லாச் சமுதாயத்துத் தாய்மார்களும் ஏற்றுக்கொண்டார்கள். யாரும் கொடி பிடிக்கவில்லை. நம் உடையும் அப்படித்தான் மாறியிருக்கிறது. நம் பாட்டிமார்கள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தெருவில் நடந்தார்கள். இன்றுள்ள கறுப்பு புர்காவை அவர்கள் கண்டதில்லை. அதனால் அவர்களுடைய ஈமானில் குறையிருந்தது என்று சொல்லும் துணிவு நம்மில் யாருக்கும் இல்லை.

இனி கர்நாடகத்திற்கு வருவோம். உடுப்பி அரசு மகளிர் பதவிமுன் கல்லூரியில், அதாவது நம் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான இடத்தில், 2021ஆம் ஆண்டின் இறுதியில் முக்காடு அணிந்த மாணவியர் சிலர் வகுப்பிற்குள் அனுமதிக்கப்படவில்லை. ஒரு கல்லூரியின் வாசலில் பேசித் தீர்த்திருக்க வேண்டிய செய்தி அது. எதிர்ப்பாகக் காவித் துண்டுகள் வந்தன, தொலைக்காட்சிகள் வந்தன. மாநிலம் முழுவதும் பள்ளி, கல்லூரிகளைச் சில நாள்கள் மூட வேண்டியதாயிற்று. 2022 பிப்ரவரி 5ஆம் நாள் மாநில அரசு சீருடை பற்றி ஆணை பிறப்பித்தது. மார்ச் 15ஆம் நாள் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, முக்காடு இஸ்லாத்தின் இன்றியமையாத வழக்கமன்று என்றும், சீருடை விதிப்பது நியாயமான கட்டுப்பாடே என்றும் கூறி மாணவியரின் மனுக்களைத் தள்ளியது.

மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2022 அக்டோபர் 13ஆம் நாள் வெவ்வேறு தீர்ப்பு எழுதினார்கள். நீதியரசர் ஹேமந்த் குப்தா, சமயச் சார்பற்ற பள்ளியில் சீருடை சமத்துவத்தின் அடையாளம், அதில் சமயக் குறி கூடாது என்றார். நீதியரசர் சுதான்ஷு தூலியா, இன்றியமையாத வழக்கமா என்ற ஆராய்ச்சியே இங்கு வேண்டியதில்லை என்றார். கிராமப்புறப் பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்கே எத்தனையோ தடைகளைத் தாண்ட வேண்டியுள்ளது, தலைத்துணிக்காக அவளுடைய படிப்பைத் தடுத்தால் அவள் வாழ்வு மேம்படுமா என்பது அவர் எழுப்பிய வினா. இரண்டு தீர்ப்பும் ஒத்துப்போகாததால், வழக்கு உரிய அமர்வுக்காகத் தலைமை நீதிபதியிடம் வைக்கப்பட்டது. இதற்கிடையே ஆட்சி மாறி, 2023 டிசம்பரில் முதலமைச்சர் சித்தராமையா தடையை நீக்கப்போவதாக அறிவித்தார்.

நீதியரசர் தூலியா தம் தீர்ப்பில் துணையாகக் கொண்ட ஒரு பழைய வழக்கை நம் ஜமாஅத்தார் அறிந்துகொள்ள வேண்டும். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடும்போது மரியாதையுடன் எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்சநீதிமன்றத்தில் நீதியரசர் சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டார். அம்மூவருள் ஒருவரும் முஸ்லிமல்லர். அவர்களுக்குக் கிடைத்த நீதியை முன்வைத்தே நம் பிள்ளைகளுக்காக வாதாட முடிந்தது. பிற சமயத்துச் சிறுபான்மையினருக்கு இடர் வரும்போது நமக்கென்ன என்று இருக்கலாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேட வேண்டியதில்லை.

தீர்ப்புகள் ஒருபுறமிருக்க, அம்மாணவியருக்கு என்ன நேர்ந்தது? சிலர் தேர்வு எழுதாமல் திரும்பினார்கள். சிலர் வேறு கல்லூரிக்கு மாறினார்கள். பெங்களூரு மாணவி ஒருவர், தம் பெற்றோருடன் கலந்து பேசி, கல்லூரி வாசல்வரை முக்காட்டுடன் சென்று, வகுப்பில் அதைக் களைந்து படித்தார். 2023இல் கலைப் பிரிவில் 600க்கு 593 மதிப்பெண் பெற்று மாநிலத்தில் முதலிடம் பெற்றார். இவர் செய்தது சரியா, படிப்பை விட்டவர்கள் செய்தது சரியா என்று நம் தெருத் திண்ணையில் பெரிய விசாரணையே நடந்தது. பதினேழு வயதுப் பிள்ளைகளை இப்படி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிறுத்தியவர்களைப் பற்றி அந்த விசாரணையில் பேச்சே எழவில்லை.

தமிழ்நாட்டில் நமக்கு இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022 பிப்ரவரி 19 உள்ளாட்சித் தேர்தலில், மதுரை மாவட்டம் மேலூரில் முக்காட்டுடன் வாக்களிக்க வந்த ஒரு சகோதரியை பா.ஜ.க. முகவர் ஒருவர் ஆட்சேபித்தார். தி.மு.க., அ.தி.மு.க. முகவர்கள் இருவருமே அவரை எதிர்த்தார்கள். காவல்துறை அவரை வெளியேற்றியது. சகோதரி வாக்களித்துச் சென்றார். இந்த மண்ணின் இயல்பு அது, அல்லாஹ் அதை நிலைக்கச் செய்வானாக. கேரளத்தில் பிறந்து, உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான ஃபாத்திமா பீவி அம்மையார், 1997 முதல் 2001 வரை நம் மாநிலத்தின் ஆளுநராக இருந்தபோது, சேலைத் தலைப்பால் தலையை மூடியே மேடைகளில் அமர்ந்திருந்தார். அதைக் குறையாகக் கண்டவர்கள் இல்லை.

ஆயினும் தனியார் பள்ளிகளைப் பொறுத்தவரை நாம் விழிப்புடன் இருக்க வேண்டும். கேரளத்திலேயே 2018 டிசம்பரில் உயர்நீதிமன்றம், தனியார் பள்ளி தன் சீருடையை வகுக்கும் உரிமை மாணவியின் தனி உரிமையை விட மேலானது என்று தீர்ப்பளித்தது. 2025 அக்டோபரில் கொச்சி பள்ளுருத்தியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவரின் தலைத்துணி குறித்து எழுந்த பிணக்கில் பள்ளியே இரண்டு நாள் மூடப்பட்டது. கல்வியமைச்சர் வரை தலையிட்டும், முடிவில் அப்பெற்றோர் மகளை வேறு பள்ளிக்கு மாற்ற முடிவு செய்தார்கள். வாசலில் கூட்டம் கூடிய பிறகு எந்தத் தரப்பும் பின்வாங்க இயலுவதில்லை. இடையில் நசுங்குவது ஒரு பிள்ளை.

நம் கோரிக்கையின் அளவையும் நாம் அறிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் லூட்டன் நகரப் பள்ளியொன்றில் முஸ்லிம் மாணவியருக்குச் சல்வார் கமீசும் தலைத்துணியும் அனுமதிக்கப்பட்டிருந்தன. பள்ளிவாசல்களைக் கலந்தாலோசித்தே அப்பள்ளி அந்த ஏற்பாட்டைச் செய்திருந்தது. ஒரு மாணவி அது போதாது, நீண்ட ஜில்பாபே வேண்டும் என்று 2002 முதல் ஏறக்குறைய இரண்டாண்டுகள் பள்ளிக்குப் போகாமல் நின்றார். 2006இல் அந்நாட்டின் உச்ச அமர்வு பள்ளியின் பக்கமே தீர்ப்பளித்தது. இலங்கையிலோ அரசுப் பள்ளிகளிலேயே முஸ்லிம் மாணவியருக்கென முழுக்காற்சட்டையும் தலைமறைப்பும் சேர்ந்த வெள்ளைச் சீருடை நெடுங்காலமாக வழக்கில் இருக்கிறது. ஆகவே நாம் கேட்பது சீருடையின் நிறத்திலேயே ஒரு தலைத்துணி. முகம் தெரிய, ஊக்கு குத்தி, ஆய்வுக்கூடத்திலும் விளையாட்டுத் திடலிலும் தொங்கி இடர் செய்யாதபடி தைத்த மக்கனா. நம் பிள்ளைகளுக்கு அது போதும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சீருடையில் எந்த அடையாளமும் கூடாது என்பவர்கள் எல்லோரும் நம்மீது பகை கொண்டவர்கள் அல்லர். தென்மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கொரு நிறமாகக் கையில் கயிறு கட்டி வரும் கொடுமையை நாம் அறிவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். அதன் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. இவற்றைச் சொல்லி, அப்படியானால் தலைத்துணி மட்டும் ஏன் என்று ஓர் ஆசிரியர் கேட்டால் கோபப்படக் கூடாது. கயிறு அடுத்தவனைத் தாழ்ந்தவன் என்று சொல்லக் கட்டப்படுவது. முக்காடு யாரையும் தாழ்த்துவதற்கன்று. இதை நாம் வாயால் சொன்னால் மட்டும் போதாது. முக்காடிட்ட நம் பிள்ளை எல்லோருடனும் ஒன்றாக அமர்ந்து, உணவைப் பகிர்ந்து உண்டு, பொங்கல் விழாவில் கோலப்போட்டிக்கு வண்ணப்பொடி எடுத்துக் கொடுப்பவளாக இருந்தால், அந்த ஆசிரியருக்கு நாம் விளக்கமே சொல்ல வேண்டியிராது.

அடுத்து நம் வீட்டு வாசல். திருமறையில் அந்நூர் அத்தியாயத்தின் 30ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்தச் சொல்லி முதலில் ஆண்களுக்கே கட்டளையிடுகிறது. பெண்களைப் பற்றிய வசனம் அதற்கு அடுத்ததாகவே வருகிறது. நம் ஜமாஅத்தில் இரண்டாவது வசனம் மனப்பாடம், முதலாவது மறதி. மகளின் முக்காடு அரை விரற்கடை விலகினால் கண்டிக்கும் அத்தாமார்கள், மகன் முழங்காலில் கிழித்த கால்சட்டையும் காதோரம் கோடிழுத்த முடியுமாகச் சுற்றுவதைக் கண்டும் காணாதிருக்கிறார்கள். அவனுடைய சீருடையைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த புகார்களை எண்ணிப் பார்த்தால், நம் பெண்பிள்ளைகளைப் பற்றி வந்தவற்றை விட அவை கூடுதலாகவே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு, சொல்வதற்குச் சங்கடமானது. பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தும் பழக்கம் நம்மிடையே முன்பு பரவலாக இருந்தது, முற்றிலும் ஒழிந்துவிடவுமில்லை. அதற்கு இப்போது சீருடை ஒரு சாக்காக அமைந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் முக்காட்டைத் தடுத்தது என்று சொல்லி நிறுத்தப்பட்ட பிள்ளைகளுள், வேறு பள்ளியைத் தேடிப் பாராமலே நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டும். அறிவு தேடுவதைக் கடமையாக்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அக்கடமையிலிருந்து பெண்களுக்கு விலக்களிக்கவில்லை.

முக்காட்டின் மார்க்கச் சட்டத்தை ஹஜ்ரத் அவர்கள் விளக்குவார்கள். நாங்கள் ஃபத்வா கொடுக்க வரவில்லை. ஜமாஅத் நிர்வாகம் என்ற முறையில் எங்கள் முடிவுகளை மட்டும் தெரிவிக்கிறோம். பள்ளியில் சேர்க்கும்போதே, பணம் கட்டுவதற்கு முன்பே, தலைத்துணி பற்றிக் கேட்டுவிடுங்கள். ஜூன் மாதத்தில் வாசலில் நின்று கேட்பதை விட ஏப்ரலில் அலுவலகத்தில் அமர்ந்து கேட்பது எளிது. கடிதமாகக் கொடுங்கள், வேண்டுமெனில் நிர்வாகிகள் இருவர் உடன் வருவோம். மறுத்தால் சண்டையிட வேண்டாம், வேறு பள்ளியைப் பார்ப்போம். எட்டாம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்கவேண்டுமென்று 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அது தாமதமாவதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் முடியாது. அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ சிக்கல் என்றால் தலைமையாசிரியர், அதன்பின் பெரம்பலூரில் முதன்மைக் கல்வி அலுவலர் என்ற வரிசையில் செல்வோம். வாசலில் நின்று கைப்பேசியில் படமெடுத்துப் பரப்புவதை எவர் செய்தாலும் ஜமாஅத் ஆதரிக்காது. உடுப்பி நமக்குச் சொன்ன பாடம் அது.

பேச்சு முடியும் வரை பிள்ளை வீட்டில் இருக்க வேண்டுமா என்ற கேள்வி குழுவுக்குள் கடுமையாக விவாதிக்கப்பட்டது. ஒருமித்த கருத்து வரவில்லை, பெரும்பான்மை முடிவையே சொல்கிறோம். பிள்ளையிடமும் தாயாரிடமும் கேட்க வேண்டும். வகுப்பில் மட்டும் களைந்து படிக்கிறேன் என்று அவள் சொன்னால், அவளைப் பற்றி இந்த மகல்லாவில் ஒருவரும் இழிவாகப் பேசக் கூடாது. களைய மாட்டேன் என்றால், ஒரு வாரத்திற்குள் வேறு பள்ளியில் சேர்க்கும் பொறுப்பு ஜமாஅத்தினுடையது. போக்குவரத்துச் செலவு கூடினால் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாம் என்று தீர்மானித்திருக்கிறோம்.

மருத்துவ நுழைவுத்தேர்வாகிய நீட் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். 2016இல் கேரள உயர்நீதிமன்றம், மருத்துவ நுழைவுத்தேர்வில் முக்காடும் முழுக்கைச் சட்டையும் அணியலாம், ஆனால் சோதனைக்கு உட்பட அரை மணி நேரம் முன்பாக வந்துவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நீட் தேர்வின் அறிவுறுத்தல்களிலும், சமய மரபுடை அணிவோர் சோதனைக்காக முன்கூட்டியே வரவேண்டும் என்றே குறிக்கப்பட்டு வருகிறது. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டு, திருச்சியில் தேர்வு மையம் என்றால் விடியற்காலைப் பேருந்தைப் பிடியுங்கள். துணையாக அத்தா மட்டும் போகாமல் தாயாரும் போவது நல்லது.

வரும் கல்வியாண்டில் ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் சேரவிருக்கும் பெண்பிள்ளைகளின் பெயர், சேரவிருக்கும் பள்ளி ஆகியவற்றை இம்மாத இறுதிக்குள் செயலாளரிடம் எழுதிக்கொடுங்கள். நம் மகல்லாவில் தையல் தெரிந்த சகோதரிகள் மூவர், சீருடைத் துணியின் மிச்சத்திலேயே கூலி வாங்காமல் மக்கனா தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. அளவெடுக்க வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மதரஸாவிற்குப் பிள்ளைகளைத் தாய்மார்கள் அழைத்து வரவும். சீருடையின் துண்டுத் துணியை மறவாமல் கொண்டுவர வேண்டும், நிறம் பொருந்த வேண்டுமல்லவா!